டூயல் கிளட்ச் ஆயில் மாற்றம்: உள்ளே ஒளிந்திருக்கும் குழாய்

என் காரில் இருப்பது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் வகை. ஆறு கியர், வெட் கிளட்ச் (கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடும்). வண்டி சூடானதும், ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது ஒரு உதறல். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினேன், இன்ஜின் மவுண்ட்டைப் பார்த்தேன், ஸ்கேனரில் கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் அளவைக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) செய்தேன். ஒன்றும் பிரயோஜனமில்லை. கியர் ஆயில் சமீபத்தில்தான் மாற்றியதாக சர்வீஸ் பில்லில் இருந்தது.

கடைசியில் வண்டியை நாலு ஸ்டாண்டில் மட்டமாக ஏற்றி கியர்பாக்ஸ் அடியில் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் திறந்தேன். கொஞ்சம் ஆயில் வந்து நின்றுவிட்டது. அவ்வளவுதான் என்று பலர் மூடிவிடுவது இங்கேதான். துளைக்குள் டார்ச் அடித்தால் ஒரு பிளாஸ்டிக் குழாய் தெரியும். ஆயில் மட்டத்தை நிர்ணயிப்பது அதுதான். 8 மி.மீ. ஆலன் கீயால் அதையும் கழற்றினேன். டிகாஷன் மாதிரி கறுப்பாகக் கொட்டியது, பழைய ஆயில்!

ஃபில்டரை மாற்றி, குழாயைத் திரும்ப மாட்டி, கீழிருந்தே, அதே துளையில் மாட்டும் அடாப்டர் வழியாக 5 லிட்டருக்குச் சற்று மேல் ஏற்றினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் சூடு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக வழிய வேண்டும்; அப்படியானால் அளவு சரி. சூடு அதைத் தாண்டினால் ஆயில் விரிந்து, அளவு குறைவாக இருந்தாலும் வழியும். அப்போது ஆறவிட்டுத்தான் பார்க்கணும்.

மறுபடி அடாப்டேஷன் செய்ததும் உதறல் நின்றது. அப்பாடா! டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.