கைநாட்டு வாங்கும் முன்: கொத்தடிமை மீட்பில் கல்லூரிகளும் களத்தில் இருப்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கல் சூளையில் கல் அறுக்கும் ஒருவரிடம் போய் "நீங்க கொத்தடிமையா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லைங்க, ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கோம்" என்பார். படிவத்தில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு மாணவர் அடுத்த குடிசைக்குப் போய்விடுவார். பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்காக இந்தக் களத்துக்கு வரும்போது முதலில் செய்யும் தவறு இதுதான்.

1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் சங்கிலிக்கோ பூட்டிய கதவுக்கோ இடமில்லை. வாங்கிய கடனுக்காக உழைப்பவர் பெயரளவுக் கூலிக்கு வேலை செய்தாலோ, வேறு வேலைக்குப் போக முடியாமல் இருந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாமல் இருந்தாலோ, இவற்றில் ஒன்றே போதும். ஆகவே கேள்வி வேறு மாதிரி இருக்க வேண்டும். ஊரில் ஒரு சாவு என்றால் குடும்பத்தோடு போக விடுவார்களா, யாராவது ஒருவர் பிணையாக இங்கேயே இருக்க வேண்டுமா? கணக்கு நோட்டு யார் கையில்? போன வருஷக் கடன் இந்த வருஷம் குறைந்ததா? இந்தக் கேள்விகள் நூலகத்தில் கிடைக்காது. மீட்கப்பட்டவர்களும் அவர்களோடு வேலை செய்கிற களப்பணியாளர்களும்தான் சொல்லித்தர முடியும். 1995-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதையடுத்து மாநில அரசு எடுத்த கணக்கில் வந்தது சுமார் 25,000. யார் கேட்டார்கள், எங்கே நின்று கேட்டார்கள் என்பது எண்ணிக்கையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது ஆபத்தானது. மீட்பு நடப்பதற்கு முன்பே ஆய்வுக் குழு சூளைக்குள் போவது. நான்கு மாணவர்கள், ஒரு கேமரா, கல்லூரி வேன். ஓனருக்குத் தகவல் போக ஒரு போன் போதும். ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பங்களை லாரியில் ஏற்றி வேறு சூளைக்கு மாற்றிவிட்டால், காலையில் மீட்க வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) வரும்போது வெறும் கொட்டகைதான் இருக்கும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கலாம்; அந்த அனுமதி, அந்த இரவில் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றாது. உள்ளே எப்போது போகலாம், போகலாமா என்பதைக் களத்தில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் பேராசிரியருக்கு வாக்கு இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒப்புதல் படிவத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இருளர் பழங்குடிப் பெரியவர், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்ததால் கடனில் மாட்டியிருக்கலாம். அவர் முன் இன்னொரு காகிதத்தையும் மைப் பெட்டியையும் நீட்டி "இது ஆய்வுக்கு" என்றால் அவர் கை நடுங்கத்தான் செய்யும். வாய்மொழியாக, அவருடைய ஆள் ஒருவர் சாட்சியாக இருக்க, ஒப்புதல் வாங்கினால் போதும். அதை ஏற்காத பல்கலைக்கழக விதியை மாற்றச் சொல்லிப் போராடுவது ஆய்வாளரின் வேலை.

மீட்ட பிறகும் கவனம் வேண்டும். ஒரே பெண்ணிடம் வருவாய்த் துறை ஒருமுறை, போலீஸ் ஒருமுறை, தொண்டு நிறுவனம் ஒருமுறை, மாணவர் ஒருமுறை என்று அதே கதையைக் கேட்கிறார்கள். அவர் படும் துயரம் ஒருபக்கம். முன்பணம் ஓரிடத்தில் 20,000, இன்னோரிடத்தில் 25,000 என்று பதிவானால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மேல்தான் வைத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை நம் ஆய்வுக் குறிப்புகளே அரித்துவிடக் கூடாது. ஆர்.டி.ஓ. விசாரணை முடிந்து கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை நேர்காணல் வேண்டாம்.

தொழில்நுட்பத்தால் வரும் தவறு ஒன்று. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் உரிமைகள் ஆய்வகம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தெற்காசியாவில் சூளைகள் நிறைந்த 'செங்கல் பட்டை' என்ற பகுதியில் 55,387 சூளைகள் இருப்பதாக 2018-இல் மதிப்பிட்டது. அருமையான வேலை. ஆனால் அது சூளைகளின் கணக்கு, அடிமைகளின் கணக்கு அல்ல. தமிழ்நாட்டிலோ பல சூளைகளில் புகைபோக்கியே கிடையாது. பச்சைக் கல்லை அடுக்கித் தீ மூட்டுவார்கள், வேலை முடிந்தால் தடயமே இருக்காது. வானத்திலிருந்து பார்த்ததைத் தரையில் நடந்து சரிபார்க்க ஆள் வேண்டும்.

களத்தில் இருப்பவர்கள் பக்கமும் தவறு உண்டு. எத்தனை பேரை மீட்டோம் என்ற எண்ணை மட்டும் பல்கலைக்கழகத்திடம் கொடுத்து, மீட்கப்பட்ட பின் திரும்பவும் சூளைக்கே போனவர்களை மறைப்பது. நிதி கொடுப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் புரிகிறது. ஆனால் ஆய்வு தேவைப்படுவதே அங்குதான். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் என்று இருக்கிறது. அந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் குடும்பம் காத்திருக்கிறது. காத்திருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் கடன் கேட்பார்கள்?

இப்படித் திரும்பவும் சூளைக்குப் போவதைக் கண்டறிய வேண்டிய மாணவர்கள் வரும் காலமும் தவறாகவே அமைகிறது. திருவள்ளூர்ச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் பகுதியிலிருந்து வரும் குடும்பங்களுக்கு, ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் நுவாகாய் அறுவடைத் திருவிழாவை ஒட்டி சர்தார் எனப்படும் தரகர் முன்பணம் கொடுக்கிறார். மழைக்குப் பின் சூளை தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். கல்லூரித் திட்டமோ ஜூனில் தொடங்கி, அனுமதி, பயிற்சி எல்லாம் முடிந்து டிசம்பரில் களத்துக்கு வருகிறது. அதற்குள் பணம் கைமாறி, குடும்பம் ரயில் ஏறியிருக்கும். மீட்கப்பட்ட குடும்பத்தைத் திரும்பப் பார்க்கப் போவதென்றால் ஆகஸ்டில் போங்கள், தரகர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு. சான்றிதழ் நகல், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் இவற்றில் எது இன்னும் வரவில்லை என்று கேட்டு, அவர்களோடு அலுவலகத்துக்கு நடந்து போய் வாருங்கள். கேள்வித்தாளை அன்றைக்குப் பைக்குள்ளேயே வைத்திருக்கலாம்.