மந்திரத்துக்கு முன்னால் விலையை எழுதுங்கள்: பாலாற்றங்கரையில் ஒரு இருண்ட மாயக்கதை

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. 1981இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்ததும் முதல் வரி பழசாகிவிட்டது. மற்ற மூன்றையும் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: இதையெல்லாம் யாரோ எதற்கோ விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். தடை செய்யப்பட்ட மந்திரம் பற்றி இளையோருக்கு ஒரு கதை எழுத ஆசையா? இங்கிருந்தே தொடங்கலாம்.

படி 1: விலையை முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் மந்திரத்தை விரிவாக யோசித்துவிட்டு, விலையைக் கடைசியில் ஒட்டவைப்பார்கள். அது ஒட்டாது. ரத்தம், ஆயுள், இளமை எல்லாம் பலர் எழுதித் தேய்ந்த விலைகள். மந்திரம் எதைத் தருகிறதோ, அதற்குச் சொந்தமான ஒன்றையே எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு உதாரணம். பிளஸ் டூ படிக்கும் பெண். பாலாற்று மணலில் கைவைத்து நான்கு வார்த்தை சொன்னால் ஊற்று கிளம்பும். ஒவ்வொரு குடத்துக்கும் அவளுடைய தாகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

படி 2: விலை முதலில் வரம் மாதிரி இருக்கட்டும்

அக்னி நட்சத்திர வெயில். தோழிகள் கரும்புச்சாறு வண்டியை மொய்க்கிறார்கள், இவளுக்குத் தேவையே இல்லை. பெருமையாகக்கூட இருக்கிறது. அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுகிறாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அடுத்து பசி போகிறது. அதற்கடுத்து, யாரையாவது பார்க்கவேண்டும் என்ற ஏக்கம்.

நோட்டில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது என்று அத்தியாயம் அத்தியாயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் அத்தியாயம் கதைக்குத் தேவையா என்று பாருங்கள்.

படி 3: தடை போடுகிறவர் அன்பானவராக இருக்கட்டும்

கெட்டவன் போட்ட தடையை மீறுவது சுலபம், அதில் கதை இல்லை. இங்கே தடுப்பது அவள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஆயா. ஆயா எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிப்பாள். இதை முதல் அத்தியாயத்திலேயே, வயதானவர்களின் வழக்கம் போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாதிக் கதையில் இந்தக் காட்சி வரட்டும்:

“இன்னா கண்ணு, மோரு வச்சது வச்ச மாதிரியே கீது?”

“தாகமா இல்ல ஆயா.”

ஆயா சொம்பைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள்.

“எத்தினி குடம் எடுத்த?”

இதற்குமேல் ஒரு வார்த்தைகூட விளக்காதீர்கள். இந்த இடத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஆயா தன் பழங்கதையைச் சொல்லத் தொடங்கினாலே காட்சி செத்துவிடுகிறது.

படி 4: மீறுவதற்கு ஒரு அவசரம்

பெரிய போர் எதுவும் வேண்டாம். தெருவுக்கு லாரித் தண்ணீர் நான்கு நாளாக வரவில்லை, எதிர்வீட்டில் பச்சைக்குழந்தை. போதும்.

படி 5: கொடுத்த விலையைத் திருப்பித் தராதீர்கள்

கடைசி அத்தியாயத்தில் மனம் இளகி எல்லாவற்றையும் சரிசெய்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். 2021 நவம்பர் மழையில் பாலாறு கரைபுரண்டு ஓடியதே, அந்த நாளில் கதையை முடியுங்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு வந்திருக்கிறது. யாரும் மந்திரம் சொல்லாமலே அவ்வளவு தண்ணீர். ஆயா பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டுகிறாள். அவள் முதலில் மணி என்ன என்று பார்க்கிறாள்.