மைக்ரோஃப்ராக்ச்சர்: துளைக்கு முன்னாலேயே கெடும் வேலை

முழங்காலில் குருத்தெலும்பு பெயர்ந்த இடத்தில், அடியிலுள்ள எலும்பில் பொடித் துளைகள் போட்டு மஜ்ஜை இரத்தத்தை மேலே வரவழைப்பதுதான் மைக்ரோஃப்ராக்ச்சர். 1980களில் அமெரிக்க அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் வகுத்த முறை. ஊறி வரும் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மெல்ல நார்க்குருத்தெலும்பாக மாறுகிறது. கட்டி ஒட்டி நிற்காவிட்டால் எல்லாம் வீண். புதிதாகச் செய்பவர்களின் கவனம் முழுக்கத் துளைகள்மேல் இருக்கிறது. பெரும்பாலும் கெடுவது அதற்கு முன்னால்.

சுண்ணப்படலத்தை விட்டுவிடுவது

பெயர்ந்த குருத்தெலும்பை ஷேவரால் (சுழலும் வெட்டுக் கருவி) வழித்தபின் அடித்தளம் வெள்ளையாக, வழவழப்பாகத் தெரியும். எலும்பு வந்துவிட்டது என்று உடனே துளை போடும் குத்தூசியைக் கேட்கிறார்கள். அது எலும்பு அல்ல. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத, சுண்ணம் ஏறிய குருத்தெலும்புப் படலம்.

அதன் வழியே குத்தினாலும் துளையில் இரத்தம் வரும், மூட்டுக்குள் விட்ட கேமராவின் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஏமாறுவது அங்கேதான். துளைக்கும் துளைக்கும் நடுவே உறைகட்டிக்குப் பிடிமானமே இல்லை. குதிரைகளின் மூட்டில் செய்த ஆய்விலும், படலத்தை நீக்கிய இடத்தில்தான் புதுத் திசு எலும்போடு நன்றாகப் பற்றியது. சில நிமிடச் சுரண்டலைத் தவிர்த்ததற்காக, ஒரு நோயாளி வாரக்கணக்கில் ஊன்றுகோலோடு நடந்தும் பலனில்லாமல் திரும்பி வருகிறார். இதைச் சின்னத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை.

க்யூரெட்டை (கரண்டி போன்ற சுரண்டு கருவி) எடுத்துக் கையாலேயே சுரண்டுங்கள். சுண்ணாம்புச் செதில்போலப் பெயர்ந்து வரும். மூட்டுக்குள் நீரேற்றும் பம்பின் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்: அடியில் இளஞ்சிவப்பு எலும்பு, ஆங்காங்கே ஊசிமுனை அளவில் இரத்தப் பொட்டுகள். அதோடு நிறுத்த வேண்டும். மோட்டார் பர் (சுழன்று எலும்பை அரைக்கும் கருவி) எடுத்து, குருத்தெலும்பைத் தாங்கும் எலும்புத் தகட்டையே இழைத்துவிடுபவர்களும் உண்டு. பின்னால் அங்கே எலும்பு மேடிட்டு வளர்ந்து, மேலே வரும் திசு மெலிந்துபோகும்.

சரிவான ஓரம்

குழியைச் சுற்றியுள்ள நல்ல குருத்தெலும்பின் ஓரம் கிணற்றுச் சுவர்போலச் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிந்தால் உறைகட்டி நழுவும்.

நெருக்கித் துளைப்பது

இடைவெளி 3 முதல் 4 மி.மீ., ஆழம் 2 முதல் 4 மி.மீ. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். நெருங்கினால் துளைகள் ஒன்றோடொன்று உடைந்து தகடே நொறுங்கும். கொழுப்புத் துளிகள் மிதந்து வந்தால் ஆழம் போதும்.

டிரெய்ன் டியூப்

மூட்டில் தேங்கும் இரத்தத்தை வெளியே எடுக்கும் குழாய். வைக்காதீர்கள்.

நின்ற நிலை எக்ஸ்ரே இல்லாமல் தொடங்குவது

இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுத்துப் பாருங்கள். கால் வளைந்திருந்தால் உடல் எடை துளை போட்ட இடத்தின் மேலேயே இறங்கும்; வளைவைத் திருத்தாமல் துளை மட்டும் போட்டுப் பயனில்லை.

எல்லாருக்கும் ஒரே பயிற்சித் தாள்

தொடை எலும்பு முனையில் செய்தவருக்கு 6 முதல் 8 வாரம் பாதம் தரையைத் தொட மட்டுமே அனுமதி. மூட்டை மடக்கி நீட்டும் சி.பி.எம். இயந்திரத்தில் நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். முட்டிச் சில்லின் பக்கம் செய்தவர் எடை ஊன்றலாம், ஆனால் முழங்காலைப் பிடித்து நிறுத்தும் பிரேஸ் பூட்டியிருக்க வேண்டும். ஊன்றிய காலை மடக்கக் கூடாது. இரண்டு பேர் கையிலும் ஒரே தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

வலி போனதும் அவசரப்படுவதும் அப்படித்தான். கூடைப்பந்து வீரர் அமாரே ஸ்டௌடமையருக்கு 2005 அக்டோபரில் இந்தச் சிகிச்சை நடந்தது. 2006 மார்ச்சில் திரும்பியவர் மூன்றே ஆட்டங்களோடு உட்கார்ந்துவிட்டார். பொறுத்திருந்து வந்த 2006-07 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் இறங்கினார்.