உள்ளாட்சிகள் கூட்டுச் சேரும்போது: கையெழுத்துக்கு முன் தீர்க்க வேண்டிய சட்டக் கேள்விகள்

அடுத்தடுத்து இருக்கும் நான்கு ஊராட்சிகளும் ஒரு பேரூராட்சியும் சேர்ந்து, ஒரே உரக்கிடங்கில் மக்கும் குப்பையை உரமாக்குவது, ஒரே லாரியை முறை வைத்து ஓட்டுவது என்று முடிவெடுத்தால், அது வரவேற்க வேண்டிய முடிவு. தனித்தனியே நடத்தினால் ஐந்து இடத்திலும் அரைகுறையாக நின்றுபோகும் வேலை, சேர்ந்து நடத்தினால் ஓரிடத்திலாவது ஒழுங்காக நடக்கும். சிறிய ஊர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு பொதுக் கிடங்கு அமைத்துக்கொள்ளலாம் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இடம்பெற்ற கருத்து. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவும், ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களையும் தண்ணீர் முதலிய இயற்கை வளங்களைப் பகிர்ந்துகொள்வதையும் மாவட்டத் திட்டக் குழு தன் திட்டத்தில் கவனிக்க வேண்டும் என்கிறது. ஆகவே கூட்டு முயற்சிக்குச் சட்டம் எதிரி அல்ல. தொடங்கும்போது கேட்காமல் விட்ட கேள்விகள்தாம் மூன்றாம் ஆண்டில் தணிக்கைத் தடையாகவும் வழக்காகவும் திரும்பி வருகின்றன.

எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கூட்டமைப்பு சட்டத்தின் முன் தனி ஆளா, இல்லையா? ஓர் ஊராட்சி, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்குத் தொடுக்கவும் கூடிய சட்ட ஆள். ஆனால் அதே சட்டத்தின்கீழ், பொதுவான ஒரு நோக்கத்துக்காக வேறு உள்ளாட்சிகளோடு சேர்ந்து அமைக்கும் கூட்டுக் குழு, குழு என்ற அளவிலேயே நிற்கிறது. அதற்கென்று தனிச் சொத்தோ தனிக் கடனோ இருப்பதாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. இது ஏட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். லாரி வாங்கும் நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்தில் உரிமையாளர் பெயர் என்ற கட்டத்துக்கு முன் உட்கார்ந்து பார்த்தால் அதன் எடை புரியும். அந்தக் கட்டத்தில் யார் பெயர் எழுதப்படுகிறதோ, விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கில் அவர்தான் உரிமையாளர். பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மற்ற நான்கு உள்ளாட்சிகள் அந்த இழப்பில் பங்கு தருமா என்பதை எழுத்தில் முடிவு செய்யாவிட்டால், லாரி யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஊராட்சி தனியே சுமக்க நேரும்.

கூட்டுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஓர் உள்ளாட்சியைத் தலைமையாக வைத்து மற்றவை அதனோடு ஒப்பந்தம் செய்துகொள்வது முதல் வழி. சட்டப்படியான கூட்டுக் குழு அமைப்பது இரண்டாவது. சங்கமாகவோ நிறுவனமாகவோ புதிய அமைப்பைப் பதிவு செய்வது மூன்றாவது. சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உள்ளாட்சிக்கு உண்டு. ஆகவே புதிய அமைப்பில் உறுப்பினராகவோ பங்குதாரராகவோ சேர, சட்டத்தில் இடமும் அரசின் அனுமதியும் இருக்கிறதா என்று பார்க்காமல் மூன்றாவது வழியில் இறங்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் வரும் சங்கத்தையும் இப்படிப் பதிவு செய்யும் சங்கத்தையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. குப்பை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய்ப் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குத் தலைமை உள்ளாட்சி முறையே போதும் என்பது என் உறுதியான கருத்து. அதில் ஒப்பந்தமும் டெண்டரும் சொத்தும் ஏற்கெனவே சட்ட ஆளாக உள்ள ஒருவர் பெயரில் நிற்கும்.

வழியைத் தேர்ந்த பிறகு தீர்மானப் புத்தகத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு மன்றமும் முறையாக அறிவிப்புக் கொடுத்து, கூட்டப் பொருளில் இதைச் சேர்த்து, தேவையான உறுப்பினர் எண்ணிக்கையோடு தனித்தனியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தலைவர்கள் ஐவரும் ஒரே மேசையில் கையெழுத்திட்டுவிட்டால் மன்றங்கள் கட்டுப்பட்டுவிடாது. நான் படித்துப் பார்த்த ஒரு கோப்பில், “குப்பை வேலையைக் கூட்டாகச் செய்ய மன்றம் ஒப்புதல் அளிக்கிறது” என்ற ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் இல்லை. எவ்வளவு பணம், எந்த நிதியிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்று ஒன்றும் தெரியாததால் தணிக்கையில் மொத்தச் செலவுக்கும் தடை எழுதப்பட்டது. அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: “இணைப்பில் கண்ட ஒப்பந்த வரைவு மன்றத்தில் படிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, மூன்று ஆண்டுக் காலத்துக்கு, எடைச் சீட்டின்படி இவ்வூராட்சியிலிருந்து சென்ற குப்பையின் விகிதத்தில், ஆண்டுக்கு இன்ன தொகைக்கு மேற்படாமல், இன்ன நிதியிலிருந்து பங்கு செலுத்தவும், இம்மன்றத்தின் சார்பில் இன்ன பதவியில் இருப்பவர் கையொப்பமிடவும் தீர்மானிக்கப்பட்டது.” ஆள் பெயருக்குப் பதிலாகப் பதவியை எழுதுவதில் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தில் மிகுந்த கவனம் தேவை. 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு, ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்தது. இப்படி நோக்கம் குறிக்கப்பட்ட பணத்தைப் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால், எந்த ரூபாய் எதற்குச் செலவானது என்று பிறகு பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே தலைமை உள்ளாட்சி தனி வங்கிக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு பங்குக்கும் ரசீது கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை எல்லா மன்றங்களுக்கும் அனுப்ப வேண்டும். வீடுகளில் வசூலிக்கும் குப்பைக் கட்டணத்தைக் கூட்டுக் குழு தன் பெயரில் வசூலிக்க முற்படக் கூடாது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ முடியாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. கட்டணத்துக்கும் சட்ட ஆதாரம் வேண்டும். அந்த அதிகாரம் மாநிலச் சட்டத்தின் வழியாக ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் வந்தது. அவை சேர்ந்து அமைத்த குழுவுக்குத் தானாகக் கைமாறாது. அவரவர் ரசீதுப் புத்தகத்தில் அவரவர் வசூலித்து, பங்கை அனுப்புவதே பாதுகாப்பு.

வருமான வரியிலும் ஜிஎஸ்டியிலும் இதே தாய்க் கேள்வி வேறு உருவில் வருகிறது: இந்தக் கூட்டமைப்பு, வரிச்சலுகை பெறும் உள்ளாட்சி அமைப்பா, இல்லையா? “உள்ளாட்சி அமைப்பு” என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் பரந்த பொருள் இருந்தது. தில்லி வளர்ச்சிக் குழுமம்கூட அதில் அடங்கும் என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் அந்தச் சொல்லை ஊராட்சி, நகராட்சி என்று ஒரு சிறு பட்டியலுக்குள் சுருக்கிவிட்டது. தில்லியை அடுத்த நொய்டா நகரின் வளர்ச்சிக் குழுமம் அந்தப் பட்டியலில் வராது என்று 2018இல் தீர்ப்பானது. ஜிஎஸ்டியிலும் 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம், “உள்ளாட்சி நிதி” என்பதை, வரியோ கட்டணமோ விதிக்கும் அதிகாரம் சட்டப்படி பெற்ற அமைப்பின் நிதி என்று இறுக்கியது. புதிதாகப் பதிவு செய்த சங்கம் இந்த வாசல்களில் நின்று வாதாட வேண்டியிருக்கும். ஒப்பந்தக்காரர் தன் பில்லை ஊராட்சியின் பெயரிலேயே போடும்படி ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், பெரும்பாலான சிறு கூட்டுகளுக்கு இந்த வாதமே எழாது. டெண்டரும் அப்படியே: 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, தலைமை உள்ளாட்சியே தன் பெயரில் அழைப்பு விட வேண்டும்; ஐந்து பேரின் வேலையை ஐந்து சிறு துண்டுகளாக்கி, டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவது தவறு.

தொழிலாளர் பற்றிய விதியை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் வண்டியைக் கூட்டாக வைத்திருக்கும் உள்ளாட்சிகள், மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும். பாதுகாப்புக் கருவியின்றி ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்ச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அந்த மனிதருக்கு யார் முதலாளி, கையுறையும் முகக்கவசமும் யார் வாங்கித் தர வேண்டும், யார் மேற்பார்வை என்பவை பதவிப் பெயரோடு முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். “அவர் உங்கள் ஊர் ஆள்” என்று ஒருவரை ஒருவர் காட்டும் நிலையில் அந்தக் குடும்பத்தை நிறுத்துவதைவிடக் கொடுமை இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் மனுவுக்கு எந்த ஊராட்சியின் அலுவலர் பதில் சொல்வார் என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள்.

இனி, பதவியை எழுதச் சொன்ன காரணம். உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு அந்தக் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. குழுவில் தலைவரின் பெயர் மட்டும் இருந்தால் அன்றோடு அந்த இடம் காலி. “தலைவர், அல்லது மன்றத்தின் அதிகாரங்களைச் சட்டப்படி செலுத்துபவர்” என்று இருந்தால் சம்பளப் பட்டியல் நிற்காது. உள்ளாட்சிகளுக்குள் தகராறு வந்து தாமாகத் தீர்க்க முடியாமல் போனால் அரசு தலையிட்டு முடிவு செய்ய ஊராட்சிகள் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு முன்படியாக, முப்பது நாளுக்குள் இரு தரப்பும் கூடிப் பேச வேண்டும் என்ற விதியை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

விலகும் விதியைத் தொடங்கும் நாளிலேயே எழுதுங்கள். ஊராட்சிகள் அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சியோடு இணைக்கப்படும் காலம் இது. நேற்றுவரை பங்காளியாக இருந்த ஊராட்சி நாளை ஒரு மாநகராட்சியின் வார்டாக இருக்கலாம். அதன் எல்லைக்குள் இருக்கும் உரக்கிடங்கு மனையை மற்றவர்கள் எத்தனை மாதம் தொடர்ந்து பயன்படுத்தலாம், கொட்டகைக்குப் போட்ட பணத்தில் தேய்மானம் போக யாருக்கு எவ்வளவு திரும்ப வேண்டும், எரு விற்ற மிச்சம் யாருடையது, குவிந்து கிடக்கும் பழைய குப்பையை அகற்றும் செலவு யாருடையது என்று நான்கு பத்தி எழுதி, லாரியின் பதிவுச் சான்று, மனையின் அடங்கல் நகல் இரண்டையும் அதோடு இணைத்து, ஐந்து மன்றங்களின் கோப்பிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.