செல் சவ்வின் வளைவு: புரதத்தை மட்டும் பார்த்தால் வரும் தவறுகள்

பாடப் புத்தகத்தில் செல் சவ்வு என்றால் நேராகப் போகும் இரண்டு வரிசை லிப்பிடுகள் (கொழுப்பு மூலக்கூறுகள்), நடுவே ஆங்காங்கே சில புரதங்கள். அந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் எடுப்பது கஷ்டம். சவ்வு சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறது, வேலையெல்லாம் புரதம் செய்கிறது என்றே தோன்றும். வளைவைப் பற்றிப் படிப்பவர்களின் குழப்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

2004இல் ஆம்ஃபிஃபைசின் என்ற புரதத்தின் 'பார்' (BAR) எனப்படும் பகுதியின் படிக அமைப்பு வெளியானது. இரண்டு மூலக்கூறுகள் பிணைந்து வாழைப்பழம் போல் வளைந்திருந்தன. குழிந்த பக்கத்தில் நேர்மின்னூட்டம். சவ்வின் உட்பக்கமோ எதிர்மின்னூட்டம் கொண்டது. பார்த்தவுடன், வளைந்த புரதம் ஒட்டியது, சவ்வும் வளைந்தது என்று முடிவு கட்டத் தோன்றும். அது பாதி உண்மைதான். சவ்வு அவ்வளவு லேசில் வளையாது. தட்டையான சவ்வை ஒரு முழுக் கோளமாக வளைக்கத் தோராயமாக 500 கேபிடி ஆற்றல் வேண்டும் (கேபிடி என்பது வெப்ப ஆற்றலின் அலகு). கோளம் சிறியதோ பெரியதோ, செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒற்றைப் புரதத்தால் இதைக் கொடுக்க முடியாது. பல சேர்ந்து உறைபோல் மூடினால்தான் நடக்கும். வளைந்த உருவம் இல்லாத புரதங்களும் வளைக்கும். எப்சின் என்ற புரதம் தன் சுருள் பகுதி ஒன்றை ஒரு பக்க லிப்பிடுகளுக்கு இடையில் ஆப்பு போல் செருகுகிறது. சவ்வின் ஒரு பக்கத்தில் புரதங்கள் நெருக்கியடித்து நின்றாலே, அந்த நெரிசலின் அழுத்தம் போதும்.

இன்னொரு பழக்கம்: ஒரு புரதத்தை 'வளைவை உணர்வது' என்றோ 'வளைவை உண்டாக்குவது' என்றோ முத்திரை குத்துவது. அதே புரதம் குறைவாக இருந்தால் ஏற்கெனவே வளைந்த இடத்தைத் தேடிப் போகும்; அடர்த்தி கூடினால் தானே வளைக்கும். எவ்வளவு அடர்த்தி, சவ்வில் எவ்வளவு இழுவிசை என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அப்புறம், தொடாமலேயே புரதங்கள் ஒன்றையொன்று பாதிப்பது. மெத்தையில் இரண்டு கனமான பந்துகளை வைத்தால் உருண்டு சேர்ந்துவிடும் அல்லவா, சவ்விலும் அப்படித்தான் என்று விளக்குவார்கள். இந்த உவமையை விட்டுவிடுங்கள். கூம்பு வடிவப் புரதம் ஒன்று தனியே இருக்கும்போது, சுற்றியுள்ள சவ்வு குதிரைச் சேணம் போல் அமைகிறது: ஒரு திசையில் மேல்நோக்கி வளைவு, குறுக்குத் திசையில் அதே அளவு கீழ்நோக்கி. இரண்டும் கழிந்து சராசரி வளைவு பூஜ்யம், செலவும் இல்லை. பக்கத்தில் இன்னொரு கூம்பு வந்தால் இந்தச் சமநிலை கெடுகிறது. அதனால் இழுவிசையற்ற சவ்வில் இரண்டும் விலக்கிக்கொள்கின்றன, ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் சாய்ந்திருந்தாலும்கூட. 1993இல் குலியன், புரூயின்ஸ்மா, பின்கஸ் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் கணக்கிட்டுக் காட்டியது இது. தூரம் இரட்டிப்பானால் இந்த ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

சரி, அப்படியென்றால் புரதங்கள் கூடவே கூடாதா? கூடும். 2007இல் வெளியான கணினி உருவகங்களில், வளைந்த துகள்கள் பல இருந்தபோது அவை திரண்டு சவ்வையே மொட்டாகப் பிதுக்கின. இரண்டிரண்டாகக் கணக்கிட்டுக் கூட்டினால் கூட்டத்தின் நடத்தை கிடைக்காது. வாழைப்பழ வடிவங்களில் எந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன என்பதும் ஈர்ப்பா விலக்கமா என்பதை மாற்றும்.

அந்தச் சேணம் இன்னொன்றையும் சொல்கிறது: வளைவு ஒற்றை எண் அல்ல. ஒரே ஆரம் கொண்ட குழாயும் கோளமும் புரதத்துக்கு ஒன்றல்ல. கோளம் இரு திசையிலும் வளைகிறது, குழாய் ஒன்றில்தான்.

சோதனையில் ஏமாற்றும் இடம் நுண்ணோக்கி. செல்லின் ஓரத்தில் மெல்லிய விரல் போன்ற நீட்சி, அதில் ஒளிரும் புரதம் பளிச்சென்று தெரிகிறது. வளைவை விரும்பி அங்கே கூடியிருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு புள்ளிக்குள் சவ்வே அதிகம் மடிந்து கிடக்கலாம். சவ்வில் ஒட்டும் எதுவும் அங்கே பிரகாசமாகத்தான் தெரியும். வேறு நிறச் சாயம் ஒன்றை லிப்பிடில் ஏற்றி, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். சோதனைக்காக லிப்பிடால் செய்யும் கொழுப்புக் குமிழிகளிலும் இதே சிக்கல். 30 நானோமீட்டர் விட்டமுள்ள குமிழியின் வெளி ஆரம் 15, சவ்வின் தடிமன் 4 என்றால் உள் ஆரம் 11. மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 65 சதவீதம் வெளிப்பக்கம். பெரிய குமிழியில் அது பாதிதான். லிப்பிடின் எடையைச் சமமாக வைத்து ஒப்பிட்டால், வளைவைப் பொருட்படுத்தாத புரதம்கூடச் சிறியதில் கூடுதலாக ஒட்டியதாகக் காட்டும்.

கடைசியாக, புரதம் தன் அளவுள்ள வளைவைத்தான் உணரும் என்ற எண்ணம். பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் ஸ்போவிஎம் என்றொரு புரதம், வெறும் 26 அமினோ அமிலங்கள். வித்து உருவாகும்போது, சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள அந்த வித்தின் வளைந்த பரப்பில் இந்தப் புரதம் போய் அமர்கிறது. அத்தனை சின்ன மூலக்கூறின் காலடியில் அந்தப் பரப்பு ஏறக்குறைய தட்டைதான். ஆனாலும் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.