தலைவர்களின் காவல் படைகளைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் என் மேசைக்கு வந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: "கையில் ஈட்டி, தலையில் தலைப்பாகை, கண்ணில் கனல். குடியரசுத் தலைவரை நெருங்கும் எந்த ஆபத்தையும் தடுத்து நிறுத்தும் இந்தக் குதிரைவீரர்கள்..." எழுதியவருக்கு இருபத்து மூன்று வயது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். ஏறக்குறைய இதே வாக்கியத்தை இதே வயதில் நானும் எழுதியிருக்கிறேன். என்னுடையதில் கண்ணில் கனல் கிடையாது. நெஞ்சில் உரம் இருந்தது.

ராணுவச் சடங்குகளைப் பற்றி எழுதுவதும், பிறர் எழுதியதைத் திருத்துவதும் என் பிழைப்பு. மேஜரைக் கர்னல் ஆக்குவது, ஈட்டியை வேல் என்று எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை ஒரு முறை திட்டு வாங்கினால் யாரும் திருத்திக்கொள்வார்கள். திட்டு வாங்கியும் திருந்தாதவை சில உண்டு.

மரியாதைக்கு நிற்பவரை உயிர்க்காவலர் ஆக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். காரணம், இதற்கு நான் கைக்காசு கொடுத்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்குத் தலைவர்களின் பாதுகாப்பு பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை எழுதினேன். குறிப்புகளை இரண்டு நோட்டுகளில் எடுத்து வைத்திருந்தேன். ஒன்றில் குடியரசுத் தலைவரின் மெய்க்காவலர் படை, மற்றொன்றில் எஸ்.பி.ஜி. எனப்படும் சிறப்புப் பாதுகாப்புக் குழு. இரண்டும் மெய்க்காவல்தானே என்று ஒரே நுகத்தில் பூட்டி எழுதிவிட்டேன். "1773 முதல் தலைவர்களைக் காத்துவரும் எஸ்.பி.ஜி." என்று அச்சேறிவிட்டது. முதல் கட்டுகள் முகவர்களுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "1985இல் பிறந்த குழந்தைக்கு 1773இல் பெயர் சூட்டியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்." அவ்வளவுதான் எழுதியிருந்தார், கையெழுத்துகூடச் சுருக்கம்.

மீதிப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. இரண்டு விரல் அகலச் சீட்டு. கோந்து அதிகமானால் எதிர்ப்பக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் உதிர்ந்துவிடும். நான்கு இரவுகள் கிடங்கில் உட்கார்ந்து நானும் ஒட்டினேன். கட்டுரைக்குப் பேசிய தொகை ஒட்டுக்கூலிக்கே போயிற்று.

ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெய்க்காவலர் படை ராணுவத்தைச் சேர்ந்தது. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் ஐம்பது குதிரைவீரர்களைக் கொண்டு தொடங்கினார். காசி அரசர் சேத் சிங் மேலும் ஐம்பது பேரைக் கொடுத்தார். இன்று இந்திய ராணுவத்தின் மிக மூத்த படைப்பிரிவு அது. எஸ்.பி.ஜி.யின் கதை வேறு. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய காவலுக்கு நியமிக்கப்பட்டிருந்த காவலர்களே சுட்டார்கள். அந்த அதிர்ச்சியில் 1985இல் பிறந்தது எஸ்.பி.ஜி.; 1988இல் அதற்கெனச் சட்டம் வந்தது. அது ராணுவப் படைப்பிரிவு அன்று. 2019இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதன் பொறுப்பு, பதவியிலிருக்கும் பிரதமரும் அவருடன் அரசு இல்லத்தில் வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினரும், பதவி விலகி ஐந்து ஆண்டுகள் வரை முன்னாள் பிரதமரும் என்று சுருங்கிவிட்டது. குடியரசுத் தலைவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதை எழுதித் தட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்; ஒட்டிய தட்டிக்குக் கீழே உட்கார்ந்தே மாற்றி எழுதுகிறார்கள்.

குதிரையும் ஈட்டியும் உயிர்க்காவலுக்கு என்று இன்னும் நம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் சாரட்டை ஏன் நிறுத்தினார்கள்? குடியரசு நாளன்று தலைவர் சாரட்டில் வருவதும், சுற்றிலும் மெய்க்காவலர் குதிரைகள் வருவதும் வழக்கமாக இருந்தது. 1984 கொலைக்குப் பிறகு, பாதுகாப்பை முன்னிட்டுச் சாரட்டு ஓரங்கட்டப்பட்டு, குண்டு துளைக்காத கார் வந்தது. குதிரைவீரர்கள் காரைச் சுற்றியும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். குடியரசு நாள் அணிவகுப்புக்குச் சாரட்டு திரும்பியது நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024இல். உயிர் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதை அந்தக் காரே சொல்லிவிடும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. இதையும் முந்தைய இரண்டோடு சேர்த்துக் குழப்புவார்கள். விருந்தினராக வரும் தலைவருக்கு விமான நிலையத்திலோ மாளிகை முற்றத்திலோ அணிவகுப்பு மரியாதை தரும் வீரர்கள். இவர்கள் மெய்க்காவல் படையினராகவே இருக்க வேண்டியதில்லை; முப்படைகளிலிருந்தும் அன்றைய வேலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். துப்பாக்கிகளில் பொதுவாகத் தோட்டா இராது. தலைவர் அவர்களுக்கு மிக அருகில், கையெட்டும் தூரத்தில் நடந்து போவார். அந்த நெருக்கமே மரியாதையின் பொருள்: உன் ஆயுதத்தின் முன்னால் நான் அச்சமின்றி நடக்கிறேன்.

1987 ஜூலை 30 அன்று கொழும்பில் நடந்ததை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், பிரதமர் ராஜீவ் காந்தி இலங்கைக் கடற்படையின் மரியாதை அணியைப் பார்வையிட்டு நடக்கிறார். வரிசையில் நின்ற மாலுமி ஒருவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அடிக்கட்டையால் தலையைக் குறிவைத்து வீசுகிறார். ஓரக்கண்ணில் அசைவு தெரிந்ததும் ராஜீவ் குனிந்துவிட்டார். அடி தோளில் இறங்கியது. பின்னால் வந்தவர்கள் பாய்ந்து மாலுமியை மடக்கினார்கள். அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். வெள்ளைச் சீருடையில் விறைப்பாக நிற்கும் வரிசை மரியாதை அணி. பாய்பவர்கள் பாதுகாப்புப் பணியில் இருந்தவர்கள். "மெய்க்காப்பாளர் தாக்கினார்" என்று எழுதினால் 1984உம் 1987உம் ஒரே கதையாகிவிடும். முன்னது, காவல் காக்க வேண்டியவர் சுட்டது; பின்னது, காவல் வேலையே இல்லாத ஒருவர் அடித்தது. 1981இல் எகிப்தின் அன்வர் சதாத்தைச் சுட்டவர்களோ இரண்டிலும் சேராதவர்கள். அணிவகுப்பில் வந்த ராணுவ லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தவர்கள். மூன்று நிகழ்வுகளிலும் தாக்கியவரைக் குறிக்க மூன்று வேறு சொற்கள் தேவை. நம்மவர்கள் ஒன்றையே வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டன் அரண்மனை வாசலில் கரடித்தோல் தொப்பியோடு நிற்பவர் ராணுவக் காலாட்படை வீரர். மன்னர் வெளியே போகும்போது சாதாரணக் கோட்டில் கூடவே நடப்பவர் மாநகரக் காவல் துறைக்காரர். படத்தில் முன்னவரை மட்டுமே பார்க்கிறோம் என்பதால் அவருக்கே எல்லாப் பெருமையும் போய்விடுகிறது.

வாத்திகனின் சுவிஸ் காவல் படை இந்த விதிக்கு அடங்காது. அங்கே இரண்டு வேலையையும் அவர்களே பார்க்கிறார்கள். 1981 மே 13 அன்று போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்டபோது, ஓடிப்போய் வண்டியில் ஏறி அவரை மறைத்து நின்றவர் அந்தப் படையின் அதிகாரி. பட்டைபோட்ட சீருடையில் அல்ல, சாதாரண உடையில். ஆகவே எந்தப் படையைப் பற்றி எழுதினாலும் நான் முதலில் தேடுவது அது எந்தத் துறைக்குக் கட்டுப்பட்டது, தலைவர் காரிலிருந்து இறங்கும்போது அதன் ஆள் எங்கே நிற்கிறார் என்பதை. இந்த இரண்டும் தெரியாமல் முதல் வரியைத் தொடங்குவதில்லை. அஞ்சலட்டைக்குப் பிறகு வந்த புத்தி.

அப்புறம் பொம்மை ஆக்குவது

மேலே சொன்னதைக் கேட்டுத் திருந்திய கையோடு, "வெறும் அலங்காரப் படை" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி மறுபக்கப் பள்ளத்தில் விழுவது இது.

குடியரசுத் தலைவரின் மெய்க்காவலர்கள் குதிரை மட்டும் ஓட்டுகிறவர்கள் அல்லர். விமானத்திலிருந்து குதிக்கும் வான்குடைப் பயிற்சியும் பெற்றவர்கள். சியாச்சின் பனியில் பணியாற்றியிருக்கிறார்கள். லண்டனில் காவல் மாற்றும் காலாட்படையில் ஐந்து படைப்பிரிவுகள். 1982 ஃபாக்லாந்து போரில் டம்பிள்டவுன் மலையை இரவில் ஏறிப் பிடித்தது அவற்றில் ஒன்றான ஸ்காட்ஸ் கார்ட்ஸ். அதே போரில் சர் கலஹாட் என்ற கப்பல் குண்டுவீச்சில் எரிந்தபோது வெல்ஷ் கார்ட்ஸ் 32 பேரை இழந்தது. சுற்றுலாப் பயணிகள் மூக்கருகே கையாட்டிச் சிரிக்கவைக்கப் பார்ப்பது இந்தப் படைகளின் ஆட்களைத்தான்.

அந்த ஐந்தையும் தூரத்திலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு: சிவப்புக் கோட்டின் பொத்தான்கள். கிரெனடியருக்கு ஒவ்வொன்றாக, சம இடைவெளியில். கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக. ஸ்காட்ஸுக்கு மும்மூன்று, ஐரிஷுக்கு நான்கு நான்கு, வெல்ஷுக்கு ஐந்தைந்து. படக்குறிப்பு எழுதுகிறவர் பூதக்கண்ணாடி வைத்துப் பொத்தானை எண்ணிவிட்டு எழுதலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அசையாமல் நிற்பதும் சும்மா வந்துவிடாது. நெடுநேரம் விறைப்பாக நின்றால் ரத்தம் கால்களிலேயே தங்கிவிடும், மூளைக்குப் போவது குறையும், ஆள் சாய்ந்துவிடுவார். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலேறும். அதனால் பூட்ஸுக்குள்ளே கால்விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வெளியே ஒரு நூலிழைகூட அசையக் கூடாது. 2023 ஜூனில் லண்டனில் நடந்த ஒத்திகையில் வெயில் தாங்காமல் சிலர் மயங்கி விழுந்தார்கள். ஏதென்ஸில் காவல் நிற்கும் எவ்சோன்கள் எனப்படும் கிரேக்க வீரர்களின் செருப்பு, குஞ்சம் வைத்து விளையாட்டுப்போல இருக்கும். அடியில் ஏறத்தாழ அறுபது ஆணிகள். ஒரு ஜோடியின் எடை மூன்று கிலோ அளவுக்கு வரும்.

சீருடையை மைக்கலாஞ்சலோ வரைந்தார்

வரையவில்லை. வாத்திகனின் சுவிஸ் காவல் படை 1506இல் தொடங்கியது, மைக்கலாஞ்சலோவும் அதே காலத்தவர், இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இப்போதுள்ள வடிவம் 1914 வாக்கில் அப்போதைய தளபதி ஜூல் ரெப்போன் அமைத்தது. அந்தப் படையின் உண்மையான கதையே போதுமான அளவு கனமானது: 1527 மே 6 அன்று ரோம் சூறையாடப்பட்டபோது 189 பேரில் 147 பேர் மாண்டார்கள், போப் தப்பினார். இதை ஒரு வரியில் முடித்துவிட்டுச் சீருடைக்கு இரண்டு பத்தி ஒதுக்குகிறார்கள்.

21 பீரங்கி மரியாதை

பீரங்கிகள் 21 அல்ல. வேட்டுகள்தான் 21.

லண்டன் கோபுரத்தில் நிற்பவர்

இவரை மன்னரின் மெய்க்காவலர் என்று எழுதிவிடுவார்கள். 1485இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி தொடங்கிய மெய்க்காவலர் வேறு, கோபுரத்துக் காவலரான வார்டர் வேறு. உடை ஒத்திருக்கும், மெய்க்காவலருக்கு மார்பின் குறுக்கே ஒரு வார் கூடுதல்.

ஒரே பெயர், ஒரே படை என்று எண்ணுவது

"குடியரசுக் காவல் படை" என்று மொழிபெயர்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடக் கூடாது. பாரிஸில் அந்தப் பெயரில் இருப்பது ஜாந்தார்மரி என்ற ராணுவ முறைக் காவல் அமைப்பைச் சேர்ந்த படை. குதிரையும் இசைக்குழுவும் உண்டு. சதாம் உசேனின் ஈராக்கில் அதே பெயரில் இருந்தது டாங்கிகளோடு 1990இல் குவைத்துக்குள் நுழைந்த பெரும்படை. நாடு, காலம் இரண்டையும் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ரோமாபுரியில் தொடங்குவது

ரோமப் பேரரசரின் மெய்க்காவலரான பிரிட்டோரியன் காவலர், பேரரசர் கலிகுலாவைக் கொன்றதும், கி.பி. 193இல் பேரரசையே ஏலம் விட்டதும் நல்ல கதைகள். ஆனால் அவை பத்தில் எட்டுக் கட்டுரைகளில் முதல் பத்தியாக வந்து நிற்கின்றன. அரசனுக்கு மிக அருகில் ஆயுதத்தோடு நிற்பவனே மிகப் பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டுமானால் 2023 ஜூலையில் நைஜர் இருக்கிறது: அதிபரைச் சிறைவைத்தவர்கள் அவருடைய காவல் படையினரே.

ரோம் வரை போகிறவர்கள் வேளைக்காரரை மறந்துவிடுவதுதான் எனக்கு வியப்பு. அரசர்களை உயிரைக் கொடுத்துக் காப்பதாகச் சபதம் செய்த தமிழ்ப் படை அது. இலங்கையின் பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த ஆலயத்தைக் காப்பதாக ஏற்றுக்கொண்டு அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. சபதத்தோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். இலங்கையின் விஜயபாகு மன்னர் சோழர்மேல் படை நடத்தப் புறப்பட்டபோது, போக மறுத்துக் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தியவர்களும் வேளைக்காரரே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால் ரோமாபுரி தேவைப்படாது.

நாணயம் சுண்டிய கதை

1947இல் பிரிவினையின்போது சாரட்டு இந்தியாவுக்கா பாகிஸ்தானுக்கா என்று நாணயம் சுண்டினார்கள், இந்தியா வென்றது. எழுதுங்கள். மெய்க்காவலர் படையின் குதிரையும் ஆட்களும் இந்தியாவுக்கு இரண்டு, பாகிஸ்தானுக்கு ஒன்று என்று பிரிந்து போனதையும் அடுத்த வரியில் எழுதுங்கள்.

பென்குவின்

நார்வே மன்னரின் காவல் படையில் ஒரு பென்குவின் மேஜர் ஜெனரலாக இருக்கிறது. எடின்பரோ விலங்குக் காட்சிசாலையில் வசிக்கிறது. பெயர் சர் நில்ஸ் ஒலாவ். 1972இல் அந்தப் பெயரில் ஒரு பென்குவினைப் படை தத்தெடுத்தது. அது இறந்தால் பெயரும் பதவியும் அடுத்ததற்குப் போகும். 2008இல் "சர்" என்ற வீரத்திருத்தகைப் பட்டம், 2023இல் மேஜர் ஜெனரல். யாரோ கேலிக்கு எழுதியது என்று நினைத்து ஒருமுறை நான் முழுப் பத்தியையும் அடித்துவிட்டேன். எழுதியவர் படத்தோடு திரும்பி வந்தார்: பென்குவின் வரிசையைப் பார்வையிட்டு நடக்கிறது, வீரர்கள் விறைப்பாக நிற்கிறார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.