மெக்சிகன் உணவகத்தில் சாப்பாடு சொதப்பினால்: புதியவர்களுக்குப் படிப்படியாக

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில், ஆற்றங்கரை நடைபாதையை ஒட்டி ஓர் உணவகம். சனிக்கிழமை இரவு, முக்கால் மணி நேரம் காத்திருந்து இடம் பிடித்தோம். வந்த என்சிலாடா (இறைச்சியோ சீஸோ வைத்துச் சுருட்டிய மெல்லிய ரொட்டி மேல் கிரேவி ஊற்றியது) ஓரத்தில் நாக்கைச் சுட்டது, நடுவில் ஜில்லென்று இருந்தது. சர்வர் பெண் வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நான்கு பேரும் தலையாட்டி "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றோம். அப்புறம் ஆஸ்டின் திரும்பும் வரை காரில் அந்த உணவகத்தைத் திட்டித் தீர்த்தோம். கேட்டிருக்க வேண்டியவர் காதில் ஒரு சொல்கூட விழவில்லை.

விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறைவு என்று சொல்லாத வளர்ப்பு நம்முடையது. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்திலும் அதே கூச்சம் வந்துவிடுகிறது. டெக்சஸுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எந்த மெக்சிகன் என்று முதலில் பாருங்கள்

பாதி ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. மெனுவில் உருகிய மஞ்சள் சீஸ், சீரக வாசம் தூக்கலான சில்லி கிரேவி, ஃபஹீத்தா (சுட்ட இறைச்சித் துண்டுகள்) எல்லாம் இருந்தால் அது டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸ் பாணி மெக்சிகன். அதைப் போலி மெக்சிகன் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் அன்டோனியோவின் சதுக்கங்களில் மேசை போட்டுச் சில்லி (மிளகாய் போட்ட இறைச்சிக் குழம்பு) விற்ற பெண்களை 'சில்லி ராணிகள்' என்றே ஊர் அழைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பியெத்ராஸ் நெக்ராஸ் ஊரில், 1940களில், இக்னாசியோ அனாயா என்பவர் கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியதுதான் நாச்சோஸ், அதாவது சீஸ் உருக்கிய சிப்ஸ். இக்னாசியோவின் செல்லப்பெயர் நாச்சோ. இப்படி எல்லையின் இரு பக்கமும் வளர்ந்த தனிச் சமையல் இது. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து மோலேயையோ (மிளகாயும் மசாலாவும் அரைத்த கெட்டிச் சாறு) யுகத்தான் பகுதியின் கொச்சினீத்தா பிபிலையோ (மெதுவாக வேகவைத்த பன்றி இறைச்சி) மனதில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதே நேரம், டெக்ஸ்-மெக்ஸ் என்பதற்காக ஆறிப்போன தட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

படி 2: ஆர்டர் கொடுக்கும் முன் சிப்ஸைச் சோதியுங்கள்

டெக்சஸில் பெரும்பாலான இடங்களில் உட்கார்ந்ததும் மக்காச்சோள சிப்ஸும், தொட்டுக்கொள்ள சல்சா என்ற தக்காளி மிளகாய்ச் சட்னியும் இலவசமாக வரும். பேச்சு சுவாரசியத்தில் கொறித்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கிச்சனின் நாடி அந்தக் கூடையில்தான் இருக்கிறது. சிப்ஸ் வெதுவெதுப்பாக, லேசாக இருக்க வேண்டும். மென்றதும் காறல் வாடை அடித்தால் எண்ணெய் பழசு. அந்த இடத்தில் எண்ணெயில் பொரிக்கும் உணவு எதையும் வாங்காதீர்கள். சல்சாவில் சுட்ட தக்காளியின், மிளகாயின் மணம் இருந்தால் நல்லது. வெறும் தக்காளி விழுதுபோல இனித்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட நம்பகமான சோதனை மக்காச்சோள டோர்டியா, அதாவது சப்பாத்திபோல மெல்லிய ரொட்டி. பழைய முறையில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான். அதனால்தான் மாவு பிரியாமல் சேர்ந்து நிற்கிறது. மக்காச்சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேர்கிறது. இப்படி அரைத்த மாவுக்கு மாசா என்று பெயர். அன்றன்றைக்கு அரைத்த மாசாவுக்கும் பாக்கெட் மாவுக்கும் உள்ள வித்தியாசம், கிரைண்டரில் ஆட்டிய தோசை மாவுக்கும் கடையில் வாங்கிய மாவுக்கும் உள்ளது போலத்தான். பாக்கெட் மாவு குற்றமில்லை, நிறைய நல்ல இடங்களில் அதுதான். ஆனால் மடித்ததும் டோர்டியா விரிசல் விட்டு உடைந்தால் அது பழசு, அல்லது கல்லில் சரியாகச் சூடுபடவில்லை. "டோர்டியாவைச் சூடாக்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள். அரை நிமிட வேலை அது. அதற்கே முகம் சுளிக்கும் இடம் என்றால் ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 3: சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

"இது சைவமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பீன்ஸும் சோறும்தானே என்று நினைத்து சர்வரும் ஆமாம் என்பார், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது மரபு. அதற்கு மான்தேகா என்று பெயர். சிவப்புச் சோறு பல இடங்களில் கோழிச்சாற்றில் வேகிறது. கோதுமை டோர்டியாவிலும் தமாலேயிலும் (மாசாவைப் பொதிந்து ஆவியில் அவித்தது) கூட மான்தேகா இருக்கலாம். என்சிலாடா மேல் ஊற்றும் கிரேவியில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். அதனால் "பீன்ஸில் மான்தேகா உண்டா, சோறு கோழிச்சாற்றில் வெந்ததா, கிரேவியில் இறைச்சி உண்டா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தெரியாது என்றால் கிச்சனில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

படி 4: தட்டு நிறைய இருக்கும்போதே சொல்லுங்கள்

இந்தப் பதிவை எழுதியதே இந்தப் படிக்காகத்தான்.

இரண்டு வாய்க்குள் முடிவு செய்துவிடுங்கள். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டு நன்றாக இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. அடுத்து, இது தவறா, நம் ருசிக்கு ஒத்துவரவில்லையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆறியது, வேகாத கோழி, கேட்டது ஒன்று வந்தது ஒன்று, முடி கிடந்தது: இவை தவறுகள். பெரும்பாலான இடங்களில் மறு பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். மோலே சாக்லேட் மாதிரி இருக்கிறது என்பது தவறல்ல. அந்தச் சாற்றின் குணமே அப்படி. மாற்றித் தந்தால் அவர்கள் பெருந்தன்மை.

சொல்லும்போது இரண்டே விஷயம்: என்ன குறை, என்ன வேண்டும். "என்சிலாடா நடுவில் சில்லென்று இருக்கிறது, புதிதாக ஒன்று தர முடியுமா?" அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம், விசாரணைக் குரலும் வேண்டாம். "சூடாக்கித் தாருங்கள்" என்று மட்டும் சொன்னால் மைக்ரோவேவில் வைத்து எடுத்து வருவார்கள். சீஸ் ரப்பராகி, டோர்டியா தோலாகிவிடும். அதனால் 'புதிதாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். உடன் வந்தவர்களின் தட்டு ஆறுமே என்ற தயக்கம் நியாயமானது. அதற்கு மாற்றாக, அந்த ஒன்றை மட்டும் பில்லில் இருந்து எடுத்துவிடச் சொல்லலாம்.

சர்வரால் முடியவில்லை என்றால் மேனேஜரைக் கேளுங்கள். அது சண்டை இல்லை. பில்லில் கைவைக்கும் அதிகாரம் பல இடங்களில் அவருக்கு மட்டும்தான்.

இடையில் ஒன்று. ஃபஹீத்தா தட்டு சீறிக்கொண்டு வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். காய்ந்த இரும்புத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ தெளித்தால் எதுவும் சீறும். சத்தம் அடங்கியதும் இறைச்சியைக் கடித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

படி 5: தாமதம் யாருடையது?

சாப்பாடு வர நேரமானால் அது பெரும்பாலும் கிச்சனின் தாமதம். தண்ணீர் வரவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அது சேவையின் குறை. இந்த வித்தியாசம் டிப்ஸ் வைக்கும்போது தேவைப்படும். மெக்சிகோவுக்குள் போனால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது அங்கே விரட்டுவது போல. நீங்களாக "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்று கேட்கும் வரை வராது. கவனிப்பாரில்லை என்று முகம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டெக்சஸில் தலைகீழ், கடைசி வாய் உள்ளே போகும் முன் பில் மேசையில் இருக்கும். அதுவும் விரட்டுவதல்ல.

படி 6: பில்லும் டிப்ஸும்

கூட்டமாகப் போனால் சில இடங்களில் டிப்ஸை அவர்களே சேர்த்துவிடுவார்கள். பில்லைப் பார்க்காமல் மேலும் 20 சதவீதம் வைத்து நான் இருமுறை ஏமாந்திருக்கிறேன். சான் அன்டோனியோவில் விற்பனை வரி 8.25 சதவீதம், டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும்.

குறைப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு உரிமையாளர் தர வேண்டிய கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், டெக்சஸிலும் அதே. டிப்ஸோடு சேர்த்தும் 7.25 டாலர் வரவில்லை என்றால் மீதியை உரிமையாளர் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். என்சிலாடா ஆறியதற்கு அந்தப் பெண்ணின் பணத்தில் கைவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடி ஓடிக் கவனித்தவர் என்றால் வழக்கமான 15 முதல் 20 சதவீதம் வையுங்கள். அவரே அலட்சியமாக இருந்தார் என்றால் 10. மெக்சிகோவில் டிப்ஸ் முழுக்க உங்கள் விருப்பம். பில்லில் கட்டாயமாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

படி 7: ரிவ்யூ எழுதுவது என்றால்

மறுநாள் எழுதுங்கள். என்ன உணவு, எந்த நாள், எத்தனை மணி, என்ன குறை, சொன்னதும் என்ன செய்தார்கள் என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு உதவும். 'ஒரிஜினல் மெக்சிகன் இல்லை' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் சொல்லவே இல்லை என்றால், "நான் சொல்லவில்லை" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உண்மையான ரிவ்யூவை ஒப்பந்தத்தின் மூலம் தடுக்க முடியாதபடி 2016இல் அமெரிக்காவில் சட்டமே வந்திருக்கிறது, அதனால் பயப்பட வேண்டாம்.

வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் உள்ளே போன 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். குற்றவாளி நேற்றைய மதியச் சாப்பாடாகவும் இருக்கலாம். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் இரண்டு நாளில் எங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு, நகரத்தின் சுகாதாரத் துறையிடம் சொல்லுங்கள். சான் அன்டோனியோவில் அதற்கு 311 என்ற நகரச் சேவை எண்ணை அழைத்தால் போதும்.